மூன்றாம் ஓலை

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்று சொல்லி வைத்தவன் எந்த மகராசனோ தெரியவில்லை. அந்த ஆயிரத்தில் எது ஆளைக் கொல்லும் என்பதை அவன் சொல்லாமலே போய்விட்டான். வேதமணி டீச்சர் வீட்டில் சொன்ன பொய்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. அதுவே போதுமானதாக இருந்தது.

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் உள்ள புதுக்கோட்டையில் அவர்கள் வீடு. வேதமணி சாத்தான்குளத்துக்காரி, மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். புருஷன் சுந்தர்சிங் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை. ஒரே மகள் ஜாஸ்லின் தூத்துக்குடியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஞாயிறு தவறாமல் கோயில், கிறிஸ்மசுக்கு ஊரெல்லாம் பலகாரம். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படாது.

உள்ளே எச்.ஐ.வி. இருந்தது. புருஷனுக்கும் இருந்தது, பெண்டாட்டிக்கும் இருந்தது. ஜாஸ்லின் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சுந்தர்சிங்குக்கு விடாத காய்ச்சல் வந்து, ரத்தம் சோதித்ததில் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகச் சில வருஷம், துறைமுகத்துப் பக்கம் ஒரு லாட்ஜ் அறையில் கூட்டாளிகளோடு சேர்ந்து போதை ஊசி போட்டிருக்கிறார். ஊசி ஒன்று, நீட்டிய கைகள் பல. அதில் ரோச் என்கிற கூட்டாளி எப்போதோ செத்துப் போயிருந்தான். விஷயம் தெரிந்த அன்றைக்கு வேதமணி புருஷனை வீடு கூட்டுகிற வாரியலால் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. பிள்ளைக்கு இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகுதான் அவளுக்குக் கை ஓய்ந்தது. அதன் பிறகு அவர் ஊசியைத் தொடவில்லை, அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இருவரும் மாத்திரை சாப்பிட்டார்கள். மாத்திரை வேலை செய்தது. எல்லாரையும் போல வயதானார்கள்.

அந்த மாத்திரை தூத்துக்குடியிலேயே கிடைக்கும். இருந்தும் அவர்கள் திருநெல்வேலிக்குப் போய்த்தான் வாங்கினார்கள். நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். வீட்டுக்கு ஒரு டீச்சர், ஒரு நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலும், “என்ன சித்தி, இங்கன நிக்கிய?” என்று ஒரு குரல் வரும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். டப்பாவில் ஒட்டியிருக்கிற காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மகளிடம் சத்து மாத்திரை என்று சொல்லியிருந்தார்கள்.

போன அக்டோபரில் திருநெல்வேலி டாக்டர் சுந்தர்சிங்கின் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

“ஹெபடைட்டிஸ் சி. இதுவும் காமாலைக் கிருமிதான். அந்த ஊசியிலேயே வந்திருக்கும், இத்தனை வருஷமா சத்தமில்லாம இருந்திருக்கு. எச்.ஐ.வி. இருக்கிற உடம்புல இது ஈரலைச் சீக்கிரமாக் கெடுக்கும். உங்களுக்கு ஈரல் இறுகிப் போயிருக்கு.”

பட்ட காலிலே படும் என்று வேதமணி வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் டாக்டர் அத்தோடு நிறுத்தவில்லை. “இது அந்த மாத்திரை மாதிரி ஆயுசு பூரா இல்லம்மா. சில மாசம் ஒழுங்காச் சாப்பிட்டா கிருமி போயிரும். இலவசம்தான். அடிக்கடி ரத்தம் பார்க்கணும், இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். தூத்துக்குடிப் பெரிய ஆஸ்பத்திரிக்கே எழுதி அனுப்பிட்டேன். போய் வாங்கிக்கோங்க.”

நோய் ‘போயிரும்’ என்று ஒரு டாக்டர் அவர்களிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பும்போது வேதமணி பஸ்ஸில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வயதில், அதுவும் பஸ்ஸில், அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஜாஸ்லினைப் பெண் பார்க்க நாசரேத்தில் இருந்து வந்தார்கள். மாப்பிள்ளை அபிலாஷ் கப்பலில் இன்ஜினியர். தங்கமான பையன், அவனுக்கு ஜாஸ்லினை முன்பே தெரியும், பெரியவர்களுக்கும் மனசு ஒத்துப் போயிற்று. மாப்பிள்ளையின் சித்தி ஜெபசுதாதான் வந்தவர்களில் வாய் உள்ளவள். தூத்துக்குடிப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“எந்த வார்டுல இருக்கிய மயினி?” என்று வேதமணி பேச்சுக்குக் கேட்டு வைத்தாள்.

“இப்ப வார்டு இல்ல மயினி. கீழ, ஈரல் சீக்குக்காரங்களுக்கு மாத்திரை குடுக்க ஜன்னல்ல போட்டிருக்காவ. காமாலைக் கிருமி பி, சின்னு வருதுல்லா, அதுக்கு.”

வேதமணி அடுக்களைக்குப் போனாள். ஏற்கெனவே சீனி போட்டிருந்த காப்பியில் இன்னொரு தரம் சீனி போட்டாள். சம்பந்தி வீட்டார் மரியாதைப்பட்ட மனிதர்கள், முகம் கோணாமல் குடித்தார்கள்.

அவர்கள் போன பிறகு சுந்தர்சிங் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். வேறென்ன செய்வது. “எண்ணி எண்ணி வந்து எமன் வீட்டு வாசல்லயே எறங்கிருக்கோம் பாத்தியா.”

“அங்கன போக வேண்டாம். திருநெல்வேலியிலயே குடுங்கன்னு டாக்டர்ட்ட கேப்போம்.”

“கேப்போம். அதுக்கு என்ன அவசரம்? இத்தன வருசம் உள்ள கெடந்தது ரெண்டு மாசத்துலயா கொன்னுரும்? சனவரியில கல்யாணம். முடிஞ்ச மறுநாளே போறேன். அதுக்கப்புறம் அந்தம்மாவுக்குத் தெரிஞ்சாலும் தாலி கட்டியாச்சுல்லா.”

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல் வேதமணிக்குப் பட்டது. அந்த ஜன்னலில் ஒரு தடவை போய் நின்றால், ஈரல் சீக்கு மட்டுமா தெரியும்? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற விவரமும் அதோடு போகும். இந்தச் சம்பந்தம் தட்டிப் போனால் ஏன் தட்டிப் போயிற்று என்று ஊர் கேட்கும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஜாஸ்லினுக்கு ஒன்றுமில்லை என்று யாரிடம் போய்ச் சத்தியம் செய்வது? அந்தப் பெண் ஆயுள் முழுக்கப் ‘பாவம்’ என்கிற பட்டத்தோடு நிற்பாள். சரி, ஜனவரிதானே என்று விட்டுவிட்டாள்.

ஜனவரியில் அபிலாஷின் கப்பல் அவனை விடவில்லை. பதிலுக்கு வர வேண்டிய ஆள் வரவில்லையாம். பிப்ரவரிக் கடைசியில்தான் இறங்கினான், அதற்குள் சாம்பல் புதன் நெருங்கிவிட்டது. லெந்து என்கிற தவக்கால நாட்களில் நம் கோயிலில் தாலி கட்ட மாட்டார்கள். ஈஸ்டர் கழிந்துதான் கல்யாணம் என்று சபைப் பாதிரியாரான ஐயர் சொல்லிவிட்டார். சுந்தர்சிங்கின் மாத்திரையும் ஈஸ்டருக்குத் தள்ளிப் போயிற்று.

இடையில் திருநெல்வேலிக்குப் போனபோது கேட்டிருக்கலாம். கேட்கத்தான் போனார்கள். டாக்டர் தலையைத் தூக்கி, “ஈரலுக்கு மாத்திரை ஆரம்பிச்சாச்சா?” என்றார். சுந்தர்சிங், வீட்டுப்பாடம் எழுதாத பையன் வாத்தியாரிடம் சொல்வதுபோல, “ஆரம்பிச்சாச்சு சார்” என்று சொல்லிவிட்டார். நல்லது என்றார் டாக்டர். அதற்கு மேல் எங்கே கேட்பது? வெளியே வந்ததும் வேதமணி அவரைக் கரித்துக் கொட்டினாள். ஆனால் திரும்ப உள்ளே போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று அவளும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பொய் சொல்கிற பிள்ளையை முட்டி போடச் செய்கிற டீச்சர் அவள்.

லெந்து நாட்களில் அவர் கால் வீங்கியது. நின்று நின்று வேலை பார்க்கிறார் என்று சொல்லிக்கொண்டார்கள். கண் மஞ்சளானது. வெயிலுக்கு என்று கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். “அப்பா கல்யாணத்துக்கு ஸ்டைலா ரெடியாவுதாவ” என்று ஜாஸ்லின் கேலி செய்தாள். காமாலை மாதிரி இருக்கே என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, ஆமாம், கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறார் என்றார்கள். குடிக்கவும் செய்தார். பச்சை மருந்து ஏதோ செய்யும் என்று வேதமணியே தினமும் காலையில் அரைத்துக் கொடுத்தாள். ஓர் எட்டில் இருந்த மருந்தை விட்டுவிட்டு இப்படி இலையை அரைத்துக்கொண்டிருக்கிறோமே என்று அம்மிக்கு முன்னால் அவளுக்குச் சில நாள் அழுகை வந்தது. அழுதுவிட்டு அரைத்தாள்.

ஈஸ்டர் முடிந்து ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று தொடர்ந்து மூன்று ஞாயிறு கோயிலில் ஐயர் வாசிப்பார். மூன்றாம் ஓலையும் வாசித்து யாரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. முதல் ஓலைக்கு சுந்தர்சிங் சட்டைக்குள் வயிறு உப்பியிருக்க வந்து உட்கார்ந்தார். இரண்டாம் ஓலைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் ஞாயிறு காலை, ஜாஸ்லின் பாடகர் குழுவில் இருந்ததால் முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். வேதமணி சேலை கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏளா, இங்கன வா.”

குளியலறையில் இருந்து குரல் வந்தது. போய்ப் பார்த்தாள். மலம் தார் மாதிரி கறுத்திருந்தது. ஈரல் இறுகினவர்களுக்கு இப்படிப் போனாலோ ரத்தமாக வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அவளுக்கு மறக்கவில்லை.

“ஆம்புலன்சுக்குப் போன் போடுதேன்.”

“போடு. வேண்டாம்னு சொல்லல. ஓலை வாசிச்சு முடியட்டும்.”

“உங்களுக்குக் கிறுக்கா?”

“ஏ மணி, நான் சொல்லுததக் கேளு. ஆம்புலன்சு எங்க கொண்டு போவான்? பெரிய ஆஸ்பத்திரிக்கு. அங்க யாரு இருக்கா? ஆராதனை முடியுததுக்குள்ள நாசரேத்துக்குப் போன் போயிரும். இன்னைக்கு ஒரு நாளு. மூணாவது ஓலை விழுந்துட்டுன்னா அப்புறம் அவங்களும் பின்வாங்க மாட்டாங்க. அப்பன் சுகமில்லாமப் படுத்திருக்கான்னு சொல்லு, அம்மையும் கோயில்ல இல்லன்னா என்ன ஏதுன்னு வீட்டுக்கே வந்துருவாவ. போயிட்டு ஓடி வா. நான் செத்தா போயிருவேன்?”

அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவை நம்பி வேதமணி அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தலைமாட்டில் தண்ணீரும் போனும் வைத்துவிட்டுப் போனாள். போயிருக்கக் கூடாது. இதை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் போயிருக்கக் கூடாது.

அன்றைக்கென்று ஐயர் பிரசங்கத்தை நீட்டினார். வேதமணிக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. சீக்கிரம் வாசிங்கய்யா, சீக்கிரம் வாசிங்கய்யா என்பதுதான் அவள் செய்த ஜெபம். ஒருவழியாக ஓலை வந்தது. “இது மூன்றாம் தரம்” என்றார் ஐயர். ஆட்சேபணை உண்டானால் தெரிவிக்கலாம் என்றபோது கோயில் முழுக்க அமைதியாக இருந்தது. யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். ஆசீர்வாதத்துக்குக்கூட நிற்காமல் செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு வேதமணி வீட்டுக்கு ஓடினாள்.

தலையணையும் தரையும் ரத்தமாக இருந்தது. அவருக்கு மூச்சு இருந்தது.

ஆம்புலன்சில் ஏறும்போது ஜாஸ்லினும் வந்து சேர்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒரே ஆள் யார்? போன வழியிலேயே அவள் ஜெபசுதாவுக்குப் போன் போட்டாள். வேதமணிக்குத் தடுக்கத் தெம்பு இல்லை.

ஜெபசுதா வீட்டுச் சேலையோடு வந்து அவசரப் பிரிவு வாசலில் நின்றாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு அவளும் உள்ளே போனாள். ஜாஸ்லினை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

“என்னம்மா, வேற ஏதாவது நோய் உண்டா?” என்றார் டாக்டர், ஊசி குத்த நரம்பு தேடியபடியே. “ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?”

வேதமணி ஜெபசுதாவைப் பார்த்தாள். சொல்லத்தான் பார்த்தாள். இத்தனை வருஷம் பூட்டி வைத்த வாய், கட்டினவன் சாகக் கிடக்கும்போதும் திறக்க மாட்டேன் என்றது.

“எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. எடுக்காரு சார்,” என்றாள் ஜெபசுதா. “ஹெப் சி பாசிட்டிவ், சிரோசிஸ். ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கல.”

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். ஜெபசுதா வேதமணியின் தோளைப் பிடித்து வராந்தாவின் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எப்ப தெரியும்?” என்றாள் வேதமணி.

“பொண்ணு பாத்துட்டுப் போன மறுவாரம். திருநெல்வேலியில இருந்து பேரு வந்திச்சு, விலாசத்தோட. வேற ஆளாருக்கும்னு நெனைக்கப் பாத்தேன்.”

“தெரிஞ்சுமா சம்பந்தம் பண்ணுனிய?”

“பிள்ளைக்கு என்ன மயினி வந்திச்சு? நான் இதே வேலையில கெடக்கவ. இது யாருக்கு எப்படி வரும், எப்படி வராதுன்னு எனக்குத் தெரியாதா? எங்க அக்காட்டகூட நான் வாய் தொறக்கல. சீக்காளி பேர வெளிய சொல்லப்படாது, அது ஒண்ணு. சொன்னா நீங்க வெக்கப்பட்டு நீங்களே சம்பந்தத்த முறிச்சிருவியளோன்னு பயம், அது ஒண்ணு. ஆபீஸ்ல சொல்லி அண்ணனுக்குப் போன் போடச் சொன்னேன். ராங் நம்பர்னு வச்சிட்டாவளாம்.”

அந்தப் போன் வந்ததை சுந்தர்சிங் வீட்டில் சொல்லவே இல்லை.

“உங்களப் பாத்துத்தான் வரல மயினி,” என்றாள் வேதமணி. “அந்த ஜன்னல்ல நீங்க இருக்கியன்னுதான்.”

ஜெபசுதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியாதா? அதுனாலதான் டூட்டி மாத்திக் கேட்டு, கிறிஸ்மசுக்கு முன்னயே பிரசவ வார்டுக்குப் போயிட்டேன். அந்த ஜன்னல்ல இப்ப யாரோ வெளியூர்க்காரி. நான் அங்கன இல்லன்னு தெரிஞ்சா அண்ணன் வருவாவன்னு நெனைச்சேன். அத உங்களுக்கு எப்படித் தெரிவிக்க? என்னன்னு சொல்லி ஆரம்பிக்க? உங்க வீட்டுக்கு வந்தப்பல்லாம் ‘இப்ப வேற வார்டு’ன்னு சொல்ல வாயெடுப்பேன். நீங்க வேல பேச்ச எடுத்தாலே அடுக்களைக்குள்ள போயிருவிய.”

போவாள்தான். ஆஸ்பத்திரி என்கிற சொல் காதில் விழுந்தாலே காப்பி போட எழுந்துவிடுவாள்.

சுந்தர்சிங் மத்தியானம் இறந்தார். ரத்தம் ஏற்றினார்கள், உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள், நின்றபாடில்லை. அக்டோபரிலேயே மாத்திரை ஆரம்பித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று வேதமணி டாக்டரிடம் கேட்டாள். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார் அவர். நல்ல மனுஷன். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உடலை மறுநாள் காலையில்தான் தருவதாகச் சொன்னார்கள். நாசரேத்தில் இருந்தும் சாத்தான்குளத்தில் இருந்தும் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். காமாலை, காமாலை என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். கண்ணைப் பார்த்தபோதே நினைத்தேன் என்றார் ஒருவர். மறுநாள் திங்கட்கிழமை, உடலுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் இருந்து எழுந்து வேதமணி தரைத்தளத்துக்குப் போனாள்.

ரத்தப் பரிசோதனை அறைக்கு எதிரே அந்த ஜன்னல் இருந்தது. அதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உள்ளே கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், அவள் ஜாடை எந்தக் குடும்பத்திலும் சேராது, யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டப்பாக்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆள் வந்தது, கையெழுத்துப் போட்டது, வாங்கிக்கொண்டு போயிற்று. ஒருவர் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பைக்குள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அடுத்தவருக்கு வழி விட்டுப் போனார். இவ்வளவுதானா என்று இருந்தது வேதமணிக்கு. இதற்கா பயந்தோம்? அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

ஜாஸ்லின் தேடிக்கொண்டு வந்தாள். “என்னம்மா, இங்கன வந்து உக்காந்திருக்கிய? அங்க எல்லாரும் தேடுதாவ.”

“உக்காரு,” என்றாள் வேதமணி. மகள் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, லாட்ஜ், இரண்டு கிருமிகள், தனக்கும் இருப்பது, திருநெல்வேலி, சத்து மாத்திரை, இந்த ஜன்னல், ஜெபசுதா, ஓலை. எச்.ஐ.வி. என்ற சொல்லை வாய்விட்டு, ஆட்கள் நடமாடுகிற இடத்தில், அவள் சொன்னது அன்றைக்குத்தான். போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில், “உனக்காகத்தான் பிள்ள. உன் கல்யாணம் நின்னுரக் கூடாதுன்னுதான்” என்றாள்.

ஜாஸ்லின் ஜன்னலைப் பார்த்தாள். அழுது முடித்த முகம், இனி அழ ஒன்றும் மிச்சமில்லை.

“என் ஆபீசு அடுத்த தெருவுலதான இருக்கு,” என்றாள். “தினமும் இந்த வாசல்லதான் பஸ் ஏறுதேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா நானே வாங்கிட்டு வந்திருப்பேனேம்மா.”

உள்ளே இருந்த பெண் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். வரிசையில் நின்றவர்கள் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்கள்.